அம்மா தூங்கிப் பார்த்த கூத்து

நைனா உயிரோடு இருந்தவரைக்கும் அம்மா ஒரு கூத்தைக்கூட முழுசாகப் பார்த்தது கிடையாது. பத்து மணிக்குப் பாயை விரித்து உட்காருவாள். பன்னிரண்டு அடிப்பதற்குள் தலை என் தோளில் சாய்ந்துவிடும். மிருதங்கம் அதிரும்போது கண்ணைத் திறப்பாள், கொஞ்ச நேரம் பார்ப்பாள், மறுபடி தூங்கிப்போவாள். மூன்றரை மணிக்கு எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி வெந்திருக்கும்.

அப்படித் தூங்கிய அம்மாதான் மறுநாள் இட்லிச் சட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டு, ராத்திரி வராதவர்களுக்கெல்லாம் கதை சொல்வாள். துரியோதனன் எந்த மெட்டில் பாடிக்கொண்டு வந்தான், திரௌபதி எந்த இடத்தில் குரலை உயர்த்தினாள், கோமாளியான கட்டியக்காரன் இந்த வருஷம் தண்ணி லாரியைப் பற்றி என்ன சொன்னான், எல்லாம் வரிசையாக வரும். ஒரு இடம் விட்டுப்போகாது. விழித்துப் பார்த்த எனக்கே அத்தனை நினைவிருக்காது. எப்படி இது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.

எழுபதுகளில் நாங்கள் எம்.கே.பி. நகருக்குக் குடிவந்தோம். மகாகவி பாரதியார் நகர் என்ற பெயரை ஊரார் எம்.கே.பி. என்று சுருக்கிக்கொண்டார்கள். வியாசர்பாடியை ஒட்டிய வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு. நைனா பெரம்பூரில் பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டினார். சொந்த ஊர் செய்யாறு பக்கம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்: செங்கல்பட்டு, வடாற்காடு, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மில்லுக்கும் துறைமுகத்துக்கும் ரயில்வே பட்டறைக்கும் வேலை தேடி வந்தவர்கள். வரும்போது அம்மனையும் கொண்டுவந்தார்கள், கூத்தையும் கொண்டுவந்தார்கள். வடசென்னையில் கூத்து வேரூன்றிய கதை இவ்வளவுதான். அதிலும் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. பாரதம் பாடிய வியாசரே வழிபட்ட இடம் என்று வியாசர்பாடி ரவீஸ்வரர் கோயிலைச் சொல்வார்கள். "வேற எங்க ஆடினாலும் அது கூத்து. இங்க ஆடினா அது வியாசருக்கே சொல்லிக்காட்டற மாதிரி" என்பார் நைனா.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் வாரத்தில் ஊரிலிருந்து ஜமா வரும். கூத்துக் குழுவை ஜமா என்றுதான் சொல்வார்கள். தலைவர் வாத்தியார். முன்கூட்டியே வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்து நாள் பேசிவிட்டு வருவது நைனாவும் இன்னும் இரண்டு பேரும். சாயங்காலம் ஒரு டெம்போவில் மரப்பெட்டிகளோடு வந்து இறங்குவார்கள். கோயில் பின்பக்கம் தென்னங்கீற்று கட்டி வேஷம் கட்ட இடம் விடுவோம். நான் அந்தக் கீற்றுச் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பேன்.

பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது கட்டைகள். கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம், எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. அந்த மரம் தக்கை மாதிரி லேசானது. விடிய விடியச் சுமந்து ஆட வேண்டும் அல்லவா, கனத்த மரம் ஆகாது. மேலே வண்ணக் காகிதமும் துண்டு துண்டாகக் கண்ணாடியும் ஒட்டியிருக்கும். அந்தக் கண்ணாடி எதற்கு என்று எனக்கு நைனாதான் சொன்னார். கரண்டு வருவதற்கு முன்னால் தீவட்டி வெளிச்சத்தில்தான் கூத்து. தீ அசைய அசைய ஒவ்வொரு சில்லும் மின்னும். கடைசி வரிசையில் இருப்பவனுக்கு முகம் தெரியாவிட்டாலும் ராஜா எங்கே நிற்கிறான் என்று தெரியும். இந்தக் கட்டைகளை வைத்துத்தான் இதைக் கட்டைக்கூத்து என்றும் சொல்கிறார்கள். பெருங்கட்டூர் பி. ராஜகோபால் போன்ற கலைஞர்கள் தெருக்கூத்து என்ற பெயரைவிட அந்தப் பெயரையே விரும்பினார்கள்.

ஒருவர் அரிதாரம் பூசி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். காலையில் வயலில் களை எடுத்த கை, கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைக்கும்போது நடுங்காது. பெண் வேஷம் கட்டுகிறவர் கடைசியாகக் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு கண்ணாடியில் ஒருமுறை பார்ப்பார். அந்த நொடியிலிருந்து அவர் உட்காரும் விதம் மாறிவிடும். நான் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறையாவது அது எப்போது நடக்கிறது என்று பிடித்துவிட வேண்டும் என்று கண்கொட்டாமல் நிற்பேன். முடிந்ததில்லை.

எழுபத்தொன்பதா எண்பதா, ஒரு வருஷம் வரும் வழியில் மழை. ஜமாவின் திரை நனைந்து போய்விட்டது. கூத்தில் மேடைத் திரை கிடையாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் துணிதான் திரை. அது இல்லாமல் ராஜா வர முடியாது. நைனா யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய், மில்லில் வாங்கிய புதுப் போர்வையைக் கொண்டுவந்து வாத்தியார் கையில் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஒரு தரம்கூட போத்தல அத" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு களரி கட்டினார்கள். ஆட்டத்துக்கு முன்னால் வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து முழங்கி, இடத்தை ஆட்டத்துக்கு உரியதாக ஆக்குவதுதான் களரி கட்டுவது. மிருதங்கம், தாளம், ஆர்மோனியப் பெட்டி, முகவீணை. முகவீணை என்பது நாகசுரத்தின் தங்கச்சி மாதிரி, ஒரு முழம்கூட இருக்காது. சத்தம் மட்டும் நாலு தெரு தாண்டும். பிள்ளையார் வந்து போனார். கட்டியக்காரன் வந்தான். எங்கள் போர்வை உயர்ந்தது. அதற்குப் பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் ஆடியது. உள்ளிருந்து ஒரு குரல் தன் பெருமையை நீட்டிப் பாடியது. திரை விருத்தம் அது. முகத்தைக் காட்டாமலே ஆளை வளர்த்துவிடும். கால்மணி நேரம் அப்படியே போனது. அப்புறம் போர்வை விலகியது. துரியோதனன் கிரிக்கி அடித்துச் சுழன்றுகொண்டு வந்தான். அடுக்கிக் கட்டிய பாவாடை குடையாக விரிந்தது. எங்கள் வரிசையில் இருந்த குழந்தைகள் எல்லாரும் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தோம். அம்மா நகரவில்லை. அவள் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அந்தப் போர்வையின் ஓரத்தில் சிவப்பு அரிதாரக் கறை ஒட்டிக்கொண்டது. எத்தனை துவைத்தும் போகவில்லை. பிறகு அம்மாவும் துவைத்துப் போக்கப் பார்க்கவில்லை.

இப்போது அம்மாவின் தூக்கத்துக்கு வருகிறேன். நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போன பிறகுதான் அது எனக்கு விளங்கியது. ஒரு பாடத்தை மூன்று விதமாகச் சொன்னால்தான் வகுப்பு முழுக்கப் போய்ச் சேரும் என்று அனுபவத்தில் கண்டபோது, அட, கூத்து இதைத்தானே செய்கிறது என்று தோன்றியது. வேஷக்காரர் ஒரு தருவைப் பாடுவார். தரு என்றால் ஆடிப் பாடும் பாட்டு. பின்னால் நிற்கும் பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் பாடும்போது இவர் அடவு போட்டு ஆடுவார், மூச்சும் வாங்கிக்கொள்வார். முடிந்ததும் அதே சங்கதியை வசனமாகச் சொல்வார். அதற்கும் மேலே கட்டியக்காரன் குறுக்கே வந்து, "அப்படின்னா இன்னா சொல்றீங்க ராஜா?" என்று எங்கள் தெரு பாஷையில் கேட்பான். ராஜா மறுபடி சொல்ல வேண்டும். ஒரு செய்தி நாலு தடவை. நடுவில் பத்து ரூபாய் அன்பளிப்பு கொடுத்தவரின் பெயரைச் சொல்ல ஆட்டம் நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுக்கும்.

அவசரமாக ஒரு கதையைத் தெரிந்துகொள்ள வருகிறவருக்கு இது நீளமாகத் தெரியும். பகல் முழுக்க நாற்று நட்டவர்களுக்கும் தறி ஓட்டியவர்களுக்கும் இட்லி சுட்டவர்களுக்கும் அது அளந்து தைத்த சட்டை. வருகிறவர்கள் அசதியோடுதான் வருவார்கள், கண் அயர்வார்கள் என்று இதைக் கட்டியவர்களுக்குத் தெரியும். எந்த நிமிஷத்தில் கண் திறந்தாலும் கதைக்குள் ஏறிக்கொள்ளப் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். தூங்கினால் கலைக்கு அவமரியாதை என்று எந்த வாத்தியாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பார்க்க வந்தவரின் உடம்பு வலியை இவ்வளவு மதித்த இன்னொரு கலையை நான் அறியேன்.

நைனாவுக்கும் எதிர்வீட்டு மதுரைக்காரருக்கும் இதில் ஓயாத வழக்கு உண்டு. அவர் துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர், சங்கரதாஸ் சுவாமிகள் பக்தர். "தெருவுல குதிக்கறதா நாடகம்? மேடையில வள்ளி திருமணம் பாக்கணும் அண்ணே" என்பார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 1867-ல் தூத்துக்குடிப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், புராணக் கதைகளைப் பாட்டும் வசனமுமாக எழுதி மேடைக்கு ஒழுங்கு கொண்டுவந்தவர். 1918-ல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே. சண்முகம் சகோதரர்கள் பயிற்சி பெற்றார்கள். 1922-ல் அவர் மறைந்த பிறகும் அவருடைய பாட்டுகள் ஓயவில்லை. முன்பின் சேர்ந்து ஒத்திகை பார்க்காத நடிகர்கள் ஒரே இரவில் ஒரே மேடையில் சந்தித்து வள்ளி திருமணம் ஆடிவிட முடிகிறது என்றால், எல்லாருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம் என்பதால்தான். ஸ்பெஷல் நாடகம் என்று தென்மாவட்டங்களில் இன்றும் அது நடக்கிறது.

மதுரைக்காரர் கிட்டப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குழாயடியில் குடம் நிரம்பி வழியும். செங்கோட்டையில் 1906-ல் பிறந்து, 1933-ல் இருபத்தேழு வயதிலேயே போய்விட்டவர். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி பெஞ்சுவரை சென்ற குரல். இலங்கையில் அவரும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் சேர்ந்ததிலிருந்து, கிட்டப்பா போன பிறகு அந்த அம்மா வெள்ளைச் சேலைக்கு மாறியதுவரை, தன் அப்பா சொல்லக் கேட்டதை அவர் நேரில் பார்த்ததுபோல் சொல்வார். நைனா பதிலுக்கு வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை கொட்டகையில் தன் சித்தப்பா நாடகம் பார்த்த கதையை எடுப்பார். சென்ட்ரலுக்குப் பக்கத்தில்தான் அந்தக் கொட்டகை. பாய்ஸ் கம்பெனிகள் எல்லாம் அங்கே வந்து ஆடியிருக்கின்றன.

ஆனால் விஸ்வநாததாஸ் பெயர் வந்தால் இருவரும் வழக்கை நிறுத்திவிடுவார்கள். முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே சுதந்திரப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 இரவு, இதே சென்னையில் ஒரு மேடையில், வள்ளி திருமணத்தில் மயில்மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. மதுரைக்காரர் இதைச் சொல்லும்போது துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். நைனாவும் பீடியை அணைத்துவிடுவார்.

நான் பார்த்த கூத்துகளில் துகிலுரிதல் எனக்குப் பயம். துச்சாதனன் வேஷம் கட்டியவர், திரௌபதியின் சேலையில் கைவைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். வேஷத்துக்காகச் செய்கிறேன், தாயே மன்னித்துக்கொள் என்பதுதான் அந்தக் கும்பிடு. கூட்டத்தில் பெண்கள் எழுந்து நிற்பார்கள். யாருக்காவது ஆவேசம் வரும். திரௌபதியாக நிற்பவர் ஆண் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவிருக்காது. முடிந்ததும் அம்மா தன் முந்தானையை இழுத்து இறுக்கிச் செருகிக்கொள்வாள். தூக்கத்திலிருந்து எழுந்தவள் என்று சொல்ல முடியாது.

1993 மார்கழியில் நைனா போய்விட்டார். நெஞ்சு வலி என்று சொன்னவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின இரவு கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். இறந்தவர் மோட்சம் போவதற்கு அந்தக் கூத்து. தம்பிதான் ஊருக்குப் போய் ஜமாவைப் பேசிவிட்டு வந்தான். நைனா வருஷா வருஷம் வெற்றிலை பாக்கு வைத்த அதே வாத்தியார். முன்பணம் வாங்க மாட்டேன் என்றாராம்.

வீட்டு வாசலில் தெருவை அடைத்துச் சாமியானா போட்டோம். பனி இறங்கியது. அம்மா வாசற்படியில், அந்தக் கறைபட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

கர்ண மோட்சத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினேழாம் நாள் போருக்குப் போவதற்கு முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவள் கதவைத் திறக்க மாட்டாள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று அவளுக்கு ஆறாத குறை. பாட்டுக்குப் பாட்டு, பதிலுக்குப் பதில் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் இந்த வாக்குவாதம். கடைசியில் தான் குந்தியின் மகன் என்பதை அவன் சொல்கிறான். கதவு திறக்கும்போது நேரம் முடிந்துபோயிருக்கிறது. பிறகு போர்க்களம். சல்லியன் தேரை விட்டுப் போகிறான். சக்கரம் மண்ணில் புதைகிறது. அம்பு பட்டும் உயிர் போகவில்லை. அவன் செய்த தருமம் காக்கிறது. கிருஷ்ணன் கிழ வேதியனாக வந்து அந்தப் புண்ணியத்தையே தானமாகக் கேட்கிறான். கர்ணன் தன் ரத்தத்தையே தாரையாக வார்த்துக் கொடுத்துவிடுகிறான்.

பொன்னுருவி கதவைத் திறக்கும் இடத்தில் நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கண் விழித்திருந்தது. நைனாவும் அம்மாவும் ஒருநாளைக்கு ஒருமுறையாவது சண்டை போட்டவர்கள். நைனா போன அன்று சாயங்காலமும் ஏதோ கேஸ் சிலிண்டர் விஷயத்தில் பேசாமல் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

விடிகிற நேரம். கிழக்கே வெளுத்துவிட்டதால் டியூப் லைட் வெளிச்சம் மங்கிப்போயிருந்தது. குந்தி வேஷக்காரர் தலைவிரி கோலமாக ஓடிவந்து, விழுந்து கிடந்த கர்ணனை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தார். மகன் என்று ஊரறியச் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கிடைத்த முதல் நேரம் அது. பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடினார்கள். அவர்களுக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண்களும் பாடினார்கள். பதினைந்து நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, அப்போது வாய்விட்டு அழுதாள். போர்வையை வாயில் அடைத்துக்கொள்ளவில்லை. தெருவே கேட்க அழுதாள்.

அன்றைக்குத்தான் அம்மா ஒரு கூத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரைக்கும் பார்த்தாள்.

குந்தி வேஷக்காரர் அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, லுங்கி கட்டிக்கொண்டு, அம்மாவிடம் வந்து நின்றார். "அண்ணன் நல்லபடியா போய்ச் சேந்துட்டாரும்மா" என்றார். அம்மா அவருக்கு இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தாள்.

இப்போது எங்கள் பகுதியில் விடிய விடியக் கூத்து கிடையாது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்துக்கு நள்ளிரவு 12 மணிவரை அரசு விலக்குத் தரலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல். இந்த விதியின்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கும் தெரு இது. ஆனால் கூத்து ஒலிபெருக்கியோடு பிறந்ததில்லை. திறந்த வெளியில் காற்றை எதிர்த்துப் பாடுவதற்காகத்தான் அந்த உச்ச சுருதி, அதற்காகத்தான் அந்த முகவீணை. மைக்கை எடுத்துவிட்டு, கோயில் வாசலில் ஐம்பது பேருக்கு மட்டும் கேட்கும்படி ஒரு ராத்திரி ஆடிப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு ஆடிக்கும் விழாக் குழுவிடம் சொல்லிவருகிறேன். இந்த வருஷமும் சொல்வேன்.

மூன்று மணி நேரமாகச் சுருக்கிய கூத்தையும் பூங்காக்களில் பார்த்திருக்கிறேன். 2007-ல் சென்னை சங்கமம் தொடங்கியபோது மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போனேன். புரிசைத் தம்பிரான்களின் கூத்துப் பரம்பரையைப் பற்றி ந. முத்துசாமி எழுதியதைப் படித்துவிட்டுத் தேடி வந்த இளைஞர்களையும் அந்தக் கூட்டத்தில் பார்த்தேன். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் கட்டை கட்டி ஆடக் கற்றுக்கொடுத்தது. கீற்றுச் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அந்தச் செய்தி எவ்வளவு பெரியது என்று சொல்லத் தெரியவில்லை. 2024-ல் 'ஜமா' படம் வந்தபோது, பெண் வேஷம் கட்டும் ஒரு கலைஞனின் கதையை இளைஞர்கள் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தார்கள். எல்லாம் நல்லதுதான். இருந்தாலும் மூன்று மணி நேரக் கூத்தில் தூங்க இடமில்லை.

அதனால்தான் போன வருஷம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நைனாவின் ஊருக்கே போனேன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் மண்ணால் செய்து கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனனும் படுகளமும், சாயங்காலம் தீமிதி. நாங்கள் போனது அர்ச்சுனன் தபசு நாள். உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் படிப்படியாக ஏறிக்கொண்டே பாடுகிறான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. ஊர் முழுக்க அண்ணாந்து பார்க்கிறது. மேலேயிருந்து எலுமிச்சம்பழம் வந்து விழும், பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள் என்று பேத்திக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

எந்தப் படியில் என்று தெரியாது, என் கண் அயர்ந்துவிட்டது. முகவீணை உச்சத்துக்குப் போனபோது விழித்தேன். தலை பேத்தியின் தோளில் இருந்தது. ஒன்பது வயசுத் தோள், வலித்திருக்கும், நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கிட்டியா ஆயா?"

"ம். எதுவரைக்கும் வந்திருக்கு?"

அவள் மரத்தின் உச்சியைக் கைகாட்டி, நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.